விடுபட்டவர்களின் கணக்கு

ரேஷன் கடைக்கு வரும் அரிசி மூட்டை 50 கிலோ. படுக்கவைத்தால் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம். 2001-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்திய உணவுக் கழகத்தின் கிடங்குகளில் குவிந்து கிடந்த தானியம் சுமார் 5 கோடி டன். மூட்டையாகக் கணக்கிட்டால் 100 கோடி மூட்டை. ஒன்றன்பின் ஒன்றாகப் படுக்கவைத்தால் 10 லட்சம் கிலோமீட்டர். பூமியிலிருந்து நிலவு இருப்பது சுமார் 3,84,000 கிலோமீட்டர் தொலைவில். அங்கே போய்த் திரும்பி வந்த பிறகும் மூட்டைகள் மிச்சம் இருக்கும்.

இந்தக் கணக்கை அந்த ஆண்டு நாளிதழ் வாசகர்கள் முன் வைத்தவர் அப்போது டெல்லிப் பொருளாதாரப் பள்ளியில் பேராசிரியராக இருந்த ழான் திரேஸ். ராஜஸ்தானில் தொடர் வறட்சி நிலவிய காலம் அது. கிடங்கில் இடமில்லாமல் தானியம் வெட்டவெளியில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்க, அதே மாநிலத்தின் கிராமங்களில் அடுப்பு எரியவில்லை. 2001 ஏப்ரலில் மக்கள் சிவில் உரிமைக் கழகத்தின் ராஜஸ்தான் கிளை உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. உணவு உரிமை வழக்கு என்று பின்னாளில் பெயர் பெற்ற வழக்கு அதுதான். அந்த ஆண்டு நவம்பர் 28-ல் வந்த இடைக்கால உத்தரவு, நாட்டின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் சமைத்த மதிய உணவு தர வேண்டும் என்றது. நமக்கு அது பழகிய சங்கதி. உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் படித்துக்கொண்டிருந்த குழந்தைகளுக்குப் புதிது.

நான் ஓர் அரசு கலைக் கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறேன். தேவைகள் எண்ணற்றவை, வளங்கள் குறைவானவை என்ற வரியோடுதான் முதலாமாண்டுப் பாடம் தொடங்கும். அந்தப் பாடம் வரும்போது மூட்டைக் கணக்கைக் கரும்பலகையில் போடச் சொல்வேன். பசி எப்போதும் பற்றாக்குறையால் வருவதில்லை என்பது பிள்ளைகளுக்கு அங்கேயே பிடிபட்டுவிடும்.

என் அப்பா தர்மபுரி மாவட்டத்தில் கூட்டுறவுச் சங்க ரேஷன் கடை விற்பனையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் கடையின் மூட்டைகள்மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவள் நான். திரேஸின் ஆய்வுகளைப் படிக்கும்போதெல்லாம் இந்த மனிதருக்குக் கடையின் உள்பக்கம் தெரியும் என்ற எண்ணம்தான் எனக்கு முதலில் வரும். லோடு இறங்காத வாரம், இருப்புப் பதிவேடு, ரேகை விழாமல் திரும்பிப் போகும் பாட்டி எல்லாம் அவருடைய கட்டுரைகளில் சதவீதமாக மாறி நிற்கும். மாறிய பிறகும் ஆள் தெரியும்.

1959-ல் பெல்ஜியத்தின் லூவன் நகரில் பிறந்தவர் அவர். தந்தை ழாக் திரேஸ் உலகறிந்த பொருளாதார அறிஞர். மகன் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் கணிதப் பொருளாதாரம் படித்துவிட்டு, முனைவர் பட்டத்துக்கு டெல்லியில் இருக்கும் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்தார். பிறகு லண்டன் பொருளாதாரப் பள்ளியில் ஆசிரியர் வேலை. நிக்கலஸ் ஸ்டெர்னுடன் சேர்ந்து செலவு-பயன் பகுப்பாய்வின் கோட்பாடு பற்றி 1987-ல் அவர் எழுதிய நீண்ட கட்டுரை சமன்பாடுகளால் ஆனது. களப்பணி செய்கிறவர்களைப் பற்றி, கணிதம் வராதவர்கள் என்று எங்கள் துறையில் ஒரு இளக்காரம் உண்டு. திரேஸிடம் அந்தப் பேச்சு எடுபடாது.

அவருடைய களம் உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத் மாவட்டத்துப் பாலன்பூர் கிராமத்தில் தொடங்கியது. 1957 முதல் பொருளாதார ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப வந்து அளந்த கிராமம் அது. 1983-84 சுற்றில் திரேஸும் நரேஷ் சர்மாவும் ஓராண்டுக்கு மேல் ஊரிலேயே தங்கினார்கள். ஒருமுறை வந்துபோகிறவரின் கேள்வித்தாளுக்கு ஜனங்கள் சொல்லும் பதில் வேறு; விதைப்பு முதல் அறுப்பு வரை பக்கத்தில் இருப்பவனிடம் சொல்லும் பதில் வேறு. யார் யாரிடம் கடன் வாங்கியிருக்கிறார்கள், எந்த வாத்தியார் பள்ளிக்கூடத்துக்கு வருவதே இல்லை என்பதெல்லாம் உடனிருப்பவருக்குத்தான் தெரியவரும். பள்ளிக்கூடம் குறித்த அந்தக் கவலை பின்னால் பெரிய ஆய்வாகவே வளர்ந்தது. திரேஸ் இடம்பெற்ற குழு 1996-ல் ஐந்து வட மாநிலங்களின் கிராமப் பள்ளிகளுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்த்தது. ஏறத்தாழ பாதிப் பள்ளிகளில் அந்த நேரத்தில் பாடமே நடக்கவில்லை. படிக்கவைக்க ஏழைப் பெற்றோருக்கு ஆர்வமில்லை என்று அதுவரை பேசிவந்தவர்களுக்கும் அந்த அறிக்கையில் பதில் இருந்தது: பையன்களுக்குப் படிப்பு முக்கியம் என்று சொன்ன பெற்றோர் 98 சதவீதம், பெண் பிள்ளைகளுக்கும் முக்கியம் என்று சொன்னவர்கள் 89 சதவீதம்.

1991 வளைகுடாப் போர் தொடங்கியபோது இராக்-சவுதி எல்லையில் அமைதி வேண்டி முகாம் போட்டிருந்த பன்னாட்டுத் தொண்டர்களில் ஒருவராகவும் அவர் இருந்தார். போர் முடிந்த அதே ஆண்டில் ஹாரிஸ் கஸ்தாருடன் இராக்குக்குப் போய், பொருளாதாரத் தடையின்கீழ் சாதாரணக் குடும்பங்கள் என்ன சாப்பிடுகின்றன என்று அளந்தார். கூலியின் மதிப்பு சரிந்து, விலைவாசி ஏறிக் கிடந்த அந்த நாட்டில் பெரும் பஞ்சம் வராமல் தடுத்தது அரசின் ரேஷன் முறை என்று இருவரும் எழுதினார்கள். 2002-ல் அவர் இந்தியக் குடிமகனானார். இப்போது வாசம் ராஞ்சியில்.

அவருடைய ஆய்வுகளில் சாதாரண வாசகர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. எந்த அரசு உதவியிலும் இரண்டு வகைப் பிழைகள் நேரும். தேவையில்லாதவருக்கும் போய்ச் சேர்வது ஒன்று. தேவைப்படுபவர் விடுபட்டுப்போவது இன்னொன்று. கார் வைத்திருப்பவர் ரேஷன் வாங்குகிறார் என்ற செய்திக்குப் புகைப்படம் கிடைக்கும், தொலைக்காட்சியில் விவாதம் நடக்கும். பட்டியலில் பெயர் இல்லாததால் கடைப்பக்கமே வராத கைம்பெண்ணைப் படமெடுக்க ஆள் கிடையாது, அவள் எங்கே இருக்கிறாள் என்பதே யாருக்கும் தெரியாது. முதல் பிழையால் அரசுக்குப் பணம் வீணாகிறது. இரண்டாவது பிழையால் ஒரு வீட்டில் உலை ஏறுவதில்லை. இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா என்பதுதான் பல ஆண்டுகளாக அவர் கேட்டுவரும் கேள்வி. நான் அவர் பக்கம்.

1997-ல் ஒன்றிய அரசு ரேஷனை வறுமைக்கோட்டுக்குக் கீழ், மேல் என்று இரண்டாகப் பிரித்தது. உண்மையான ஏழைக்கு மட்டும் மலிவாகக் கொடுத்தால் பணம் மிச்சமாகும் என்பது நோக்கம். காகிதத்தில் அது நியாயமாகத்தான் தெரிந்தது. ஆனால் 2004-05 தேசிய மாதிரி ஆய்வின் தரவுகளைப் பிரித்துப் பார்த்தபோது, கிராமப்புற ஏழைக் குடும்பங்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு வறுமைக்கோட்டுக்குக் கீழ் என்ற கார்டே இல்லை என்று தெரிந்தது. பட்டியல் எடுக்க வந்தவருக்கு யாரைத் தெரியுமோ, யார் வீட்டு வாசலில் நாற்காலி போட்டார்களோ, அவர்கள் பெயர் ஏறியது. சேரியின் கடைசி வீட்டுக்கு அவர் போகவே இல்லை. போனாலும் அந்த வீட்டுக்காரர்கள் கூலி வேலைக்கோ செங்கல் சூளைக்கோ போயிருந்தார்கள்.

தமிழ்நாடு அந்தப் பிரிவினையை ஏற்கவில்லை. எல்லோருக்கும் கார்டு, கேட்பவருக்கு அரிசி என்ற முறையிலேயே நின்றது. இடையில் ஒருமுறை தடம் மாறியது. வருமானம் கூடுதலாக இருப்பவர்களின் கார்டில் 'எச்' முத்திரை குத்தி அரிசியை நிறுத்தினார்கள். முத்திரை குத்திய வாரங்களில் அப்பா வீட்டுக்கு வந்து பேசாமல் உட்கார்ந்திருப்பார். "ஏஞ்சாமி, என் மவன் சம்பாதிக்கிறான்னு எனக்கு அரிசி இல்லீங்கறயே, அவன் எங்கிட்டயா இருக்கறான்? ஓசூர்ல இருக்கறான்" என்று கடையில் ஒரு அம்மா கேட்டதை அப்பா என் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது எனக்கு நினைவிருக்கிறது. அந்தக் கேள்விக்கு எந்தச் சுற்றறிக்கையிலும் பதில் இல்லை. 2004 மக்களவைத் தேர்தலில் மாநில ஆளுங்கட்சி தோற்ற பிறகு முத்திரை திரும்பப் பெறப்பட்டது. இன்று நம் ஸ்மார்ட் கார்டில் பி.எச்.எச். (முன்னுரிமைக் குடும்பம்), என்.பி.எச்.எச். (முன்னுரிமையற்ற குடும்பம்) என்று எழுத்துகள் இருக்கின்றன. 2013-ன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் மாநிலம் 2016 நவம்பரில் சேர்ந்தபோது வந்த பாகுபாடு அது. ஆனாலும் அரிசி கார்டு வைத்திருக்கும் இரு வகையினருக்கும் அரிசி உண்டு.

எல்லோருக்கும் கொடுத்தால் திருட்டுதானே பெருகும் என்பது அடுத்த கேள்வி. இதை அளக்க திரேஸும் பொருளாதார ஆய்வாளர் ரீத்திகா கேராவும் கையாண்ட முறை என்னைப் பொறுத்தவரை அழகானது, யாருக்கும் புரியக்கூடியது. அரசுக் கிடங்கிலிருந்து ஒரு மாநிலத்துக்காக எவ்வளவு தானியம் வெளியே போனது என்ற கணக்கு உணவுத் துறையிடம் இருக்கிறது. வீடுகள் ரேஷனில் எவ்வளவு வாங்கின என்பதைத் தேசிய மாதிரி ஆய்வு வீடுவீடாகக் கேட்டு வைத்திருக்கிறது. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவது வழியில் காணாமல் போனது. இந்திய அளவில் 2004-05-ல் காணாமல் போனது பாதிக்கும் மேல், 54 சதவீதம். 2011-12-ல் அது சுமார் 42 சதவீதமாக இறங்கியது. மாநிலவாரியாகப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். சத்தீஸ்கரில் ஏறத்தாழ பாதியாக இருந்த களவு அதே காலத்தில் பத்து சதவீதத்துக்கும் கீழே வந்தது. அங்கே நடந்தது மந்திரமல்ல. தனியார் கடைகளை எடுத்து ஊராட்சிகளிடமும் மகளிர் குழுக்களிடமும் கொடுத்தார்கள், கமிஷனை உயர்த்தினார்கள், லாரி கடை வாசலுக்கே வந்தது, எல்லாவற்றுக்கும் மேலாக மிகப் பெரும்பாலான குடும்பங்களுக்குக் கார்டு கொடுத்தார்கள்.

கடைசியில் சொன்னதுதான் முக்கியம். ஊரில் பத்து வீட்டுக்கு மட்டும் அரிசி என்றால், அந்தப் பத்துப் பேரும் ஊரிலேயே வாய் திறக்க முடியாதவர்களாக இருப்பார்கள். கடைக்காரர் "இந்த மாசம் ஸ்டாக் வரல" என்றால் திரும்பிப் போய்விடுவார்கள். வாத்தியார் வீடும் வாடிக்கைப்பட்ட வீடாக இருந்தால் அந்தப் பதில் செல்லாது. அப்பாவின் கடையில் லோடு ஒருநாள் தாமதமானாலும் முதலில் சத்தம் போடுவது வசதி உள்ள வீட்டுக்காரர்தான். அந்தச் சத்தத்தால் பலன் அடைந்தவர்கள் வரிசையில் பின்னால் நின்றவர்கள்.

2011-ல் கேரா, திரேஸ் இருவரும் மாணவத் தொண்டர்களோடு தமிழ்நாடு உட்பட ஒன்பது மாநிலங்களில் ரேஷன் கடைகளைச் சுற்றி ஒரு ஆய்வு நடத்தினார்கள். அரிசிக்குப் பதில் வங்கியில் பணம் போட்டால் சம்மதமா என்பது அதில் ஒரு கேள்வி. மூன்றில் இரண்டு பங்கினர் தானியமே வேண்டும் என்றார்கள். ரேஷன் ஒழுங்காக நடக்காத பீகாரில்தான் பணம் கேட்டவர்கள் அதிகம். தனக்கு எது நல்லது என்று ஜனங்களுக்குத் தெரியாது என்ற எண்ணம் நம் அலுவலகங்களில் வேரோடிப்போயிருக்கிறது. கடை நடக்கும் ஊரில் அரிசியும், நடக்காத ஊரில் பணமும் கேட்டவர்களை விடத் தெளிவாக யோசிக்கும் நிபுணர்கள் யார்?

ரேஷனிலிருந்து வேலைத் திட்டங்களுக்கு வருவோம். பஞ்ச நிவாரணம் பற்றித் திரேஸ் நிறைய எழுதியிருக்கிறார். அதன் வேர் நம் மண்ணிலும் இருக்கிறது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் பல லட்சம் பேர் மாண்டார்கள். பக்கிங்ஹாம் கால்வாயின் ஒரு பகுதி அப்போது நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. பஞ்சத்தையொட்டி அமைந்து 1880-ல் அறிக்கை தந்த ஆணையத்தின் பரிந்துரைப்படி வந்த பஞ்ச விதிகள், கேட்டு வருபவருக்கு வேலையும் கூலியும் கொடு என்றன. 1970-73-ல் மகாராஷ்டிரத்தில் மழை அடுத்தடுத்துப் பொய்த்தது. உச்சத்தில் ஏறத்தாழ 50 லட்சம் பேர் நிவாரண வேலைகளில் மண் சுமந்தார்கள். ஆப்பிரிக்காவின் சாஹேல் பகுதியில் அதே ஆண்டுகளில் பஞ்சம் உயிர்களைக் கொண்டுபோனபோது, அதைவிட மோசமாக விளைச்சல் விழுந்த மகாராஷ்டிரம் தப்பியது எப்படி என்று அவர் விரிவாக எழுதியிருக்கிறார். கையில் கூலி இருந்ததால் தானியம் தானாக அங்கே வந்தது என்பது அவர் முடிவு.

2005-ன் ஊரக வேலை உறுதிச் சட்டத்துக்கான தொடக்க வரைவுகளில் அவர் கை இருந்தது. சட்டம் வருவதற்கு முன் பல மாநிலங்கள் வழியே பேருந்தில் போய்ப் பிரசாரம் செய்த குழுவிலும் இருந்தார். சட்டம் வந்த பிறகு அவர் செய்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அலுவலகத்தில் இருக்கும் மஸ்டர் ரோலை, நாம் என்.எம்.ஆர். என்று சொல்வதை, வாங்கிக்கொண்டு ஊருக்குப் போவது. அதில் இருக்கும் ஒவ்வொரு பெயரையும் கூட்டத்தில் சத்தமாகப் படிப்பது. "பதினஞ்சு நாள் வேலை செஞ்சதா இருக்கே, செஞ்சீங்களா? எவ்வளவு கைக்கு வந்தது?" என்று கேட்பது. செத்துப்போனவர் மண் வெட்டியிருப்பார், பள்ளிப் பிள்ளை கூலி வாங்கியிருப்பார். இதைச் செய்ய முனைவர் பட்டம் வேண்டியதில்லை, துணிச்சல் வேண்டும். 2008 மே மாதம் ஜார்க்கண்டின் பலாமு மாவட்டத்தில் திரேஸும் மாணவர்களும் இப்படியொரு சமூகத் தணிக்கைக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது, அதற்கு உதவிவந்த உள்ளூர்ச் செயல்பாட்டாளர் லலித் மேத்தா கொல்லப்பட்டார். பொறியியல் படித்தவர், மோட்டார் சைக்கிளில் ஊர் திரும்பும் வழியில் நடந்தது. தணிக்கையை நிறுத்தவில்லை. பொருளாதாரக் கட்டுரைகளின் அடிக்குறிப்பில் நன்றி என்று வரும் பெயர்களைப் பார்க்கும்போது, ஒரு அட்டவணைக்கு என்ன விலை கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதை நான் நினைத்துக்கொள்வேன்.

ஜார்க்கண்டிலேயே நடந்த இன்னொன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். ராஞ்சி மாவட்டத்தில் நாக்ரி என்று ஒரு வட்டாரம். 2017 அக்டோபரில் அங்கே ஒரு புது முறை வந்தது. அதுவரை ரேஷன் கடையில் கிலோ ஒரு ரூபாய்க்கு அரிசி. இனி மானியம் நேராக வங்கிக் கணக்குக்கு வரும். அதை எடுத்துக்கொண்டுபோய்க் கடையில் கிலோ 32 ரூபாய் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். தலைநகரத்தில் உட்கார்ந்து பார்த்தால் தெளிவான ஏற்பாடு. களவுக்கு வழியில்லை, பணம் நேரே பயனாளியிடம்.

நாக்ரிப் பெண்ணுக்கு அது எப்படி இருந்தது? முதலில் பணம் விழுந்ததா என்று தெரிய வேண்டும். அதற்கு வங்கிக்குப் போய்ப் பாஸ்புக்கில் பதிய வேண்டும். வங்கி தூரம், வரிசை நீளம், சில நாள் பதிவு இயந்திரம் ஓடாது. குடும்பத்தில் இரண்டு மூன்று கணக்குகள் இருந்தால் எந்தக் கணக்கில் விழுந்தது என்பது இன்னொரு தேடல். விழுந்திருந்தால், சின்னத் தொகை என்பதால் வங்கிக்காரர்கள் சேவை மையத்துக்குப் போகச் சொல்வார்கள். அங்கே விரல் வைக்க வேண்டும், நெட்வொர்க் இருக்க வேண்டும். பணம் கைக்கு வந்த பிறகு ரேஷன் கடை. அங்கே மறுபடியும் விரல். அடுத்த மாதப் பணம் வராவிட்டால் அரிசி வாங்கக் கையில் முதல் வேண்டும், அதற்குக் கடன். ஒரு ரூபாய் அரிசிக்காக நாள் கூலியை விட்டுவிட்டு அலைந்தார்கள்.

2018 பிப்ரவரியில் திரேஸும் மாணவர்களும் வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். பழைய முறையே வேண்டும் என்றவர்கள் 97 சதவீதம். எந்தக் கருத்துக் கேட்பிலும் இப்படியொரு எண் வருவது அபூர்வம். ஆய்வு முடிவு ஆய்விதழுக்குப் போகும் முன்பே நாளிதழ்களில் கட்டுரையானது, நாக்ரி ஜனங்கள் ராஞ்சிக்கு ஊர்வலமாகப் போனார்கள், ஆகஸ்டில் அரசு திட்டத்தைக் கைவிட்டது.

அதற்கு முந்தைய ஆண்டு வெளிவந்த ஆதார் ஆய்வும் இந்த வகைதான். ரேஷன் கடைகளில் கைரேகை இயந்திரம் கட்டாயமான கிராமங்களையும் ஆகாத கிராமங்களையும் ஒப்பிட்டார்கள். இயந்திரம் எடையைத் திருடுவதைத் தடுக்காது. ஐந்து கிலோவுக்கு ரேகை வாங்கிக்கொண்டு நாலரை கிலோ போடலாம். ஆனால் ரேகை தேய்ந்த முதியவரையும் நெட்வொர்க் இல்லாத ஊரையும் அது வெளியே தள்ளியது. கடையில் பில் மெஷின் வந்த பிறகு அப்பாவும் இதைப் பார்த்திருக்கிறார். கல் உடைத்து, களை எடுத்து வழுவழுப்பான விரல்களில் ரேகை விழாது. "தொடச்சிட்டு வைம்மா, இன்னொரு விரல வைம்மா" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். தமிழ்நாட்டில் மாற்று வழி இருந்தது, பெரும்பாலும் யாரும் வெறுங்கையோடு போகவில்லை. ஜார்க்கண்டில் போனார்கள்.

2019 மார்ச்சில் ஜார்க்கண்டின் கட்வா மாவட்டத்தில் உணவு உரிமை பற்றிய ஒரு கூட்டத்துக்குப் போன இடத்தில், அனுமதியில்லாமல் கூட்டம் நடத்தியதாகச் சொல்லி போலீஸ் அவரைச் சில மணி நேரம் பிடித்துவைத்தது. தேர்தல் நடத்தை விதி அமலில் இருந்த நேரம். 2021-ல் அதே மனிதரைத் தமிழ்நாடு அரசு ரகுராம் ராஜன், எஸ்தர் டுஃப்லோ, அரவிந்த் சுப்பிரமணியன், எஸ்.நாராயண் ஆகியோரோடு முதலமைச்சரின் பொருளாதார ஆலோசனைக் குழுவில் சேர்த்தது.

அவரை மறுப்பவர்களும் லேசானவர்களல்ல. பொருளாதார அறிஞர்கள் ஜகதீஷ் பகவதியும் அரவிந்த் பனகாரியாவும் வளர்ச்சிதான் முதல் மருந்து என்பார்கள். வளர்ச்சி வந்தால் வருவாய் வரும், வருவாய் வந்தால்தான் பள்ளிக்கும் ரேஷனுக்கும் பணம் இருக்கும். முன்கூட்டியே பங்குபோட்டால் பானை காலி என்பது அவர்கள் வாதம். 2013-ல் அமர்த்திய சென்னும் திரேஸும் சேர்ந்து எழுதிய புத்தகம் வந்த சமயத்தில் இந்தச் சண்டை பத்திரிகைகளில் சூடாக நடந்தது. வளர்ச்சி வேண்டாம் என்று அந்தப் புத்தகம் எங்கும் சொல்லவில்லை. தமிழ்நாட்டை அது எடுத்துக்காட்டும் இடத்தில் வருடங்களைக் கவனிக்க வேண்டும். எம்.ஜி.ஆர். 1982-ல் சத்துணவைத் தொடங்கியபோது நாம் பணக்கார மாநிலம் கிடையாது. 1970களில் நம் வறுமை விகிதம் இந்திய சராசரியைவிட அதிகம். ஓட்டுக்காகச் செய்யும் வீண் செலவு என்று அன்று பொருளாதார அறிஞர்கள் பலர் முகம் சுளித்தார்கள். சாப்பிட்டுப் படித்த பிள்ளைகள்தான் பின்னால் ஆலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் போனார்கள் என்பதை நான் என் வகுப்பிலேயே பார்க்கிறேன்; அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள் என் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள்.

தன் பக்கத்தவர்களிடமும் அவர் விட்டுக்கொடுப்பவரல்ல. 2010-ல் தேசிய ஆலோசனைக் குழு உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு ஒரு வடிவம் கொடுத்தபோது, உறுப்பினராக இருந்துகொண்டே, இது மிகக் குறைவு என்று மாற்றுக் கருத்தை எழுதிப் பதிவுசெய்தார். பொருளாதாரத் துறையில் இன்று கோலோச்சும் பரிசோதனை ஆய்வுகள் மீதும், சில ஊர்களுக்கு ஒரு திட்டத்தைக் கொடுத்துச் சில ஊர்களுக்குக் கொடுக்காமல் ஒப்பிடும் முறை மீதும், அவருக்குக் கேள்விகள் உண்டு. ஆதாரம் வேண்டும், ஆனால் எதை விரும்புகிறோம் என்பதை ஆதாரம் முடிவுசெய்யாது, ஜனநாயகத்தில் மக்கள்தான் முடிவுசெய்ய வேண்டும் என்பார். எனக்கு அந்த முறைமீது அவரைவிடக் கொஞ்சம் கூடுதல் நம்பிக்கை உண்டு. ஜார்க்கண்டில் ரேஷன் கார்டுகள் ரத்தானதை அந்த முறையைக் கையாளும் பொருளாதாரக் குழு ஒன்று எண்ணிக் காட்டியபோது, ரத்தானவற்றில் பெரும்பாலானவை உண்மையான குடும்பங்களுடையவை என்று அவர்களும்தானே சொன்னார்கள்.

இப்போது அவர் எழுதுவதில் பெரும்பகுதி நாளிதழ்க் கட்டுரைகளும் நிதியமைச்சருக்கான கடிதங்களும். பேராசிரியர் ஒருவர் ஆய்விதழை விட்டு இதில் நேரம் செலவழிப்பதை என் துறையில் சிலர் இறக்கம் என்று நினைக்கிறார்கள். எனக்கு அது ஒரே வேலையின் இரண்டாம் பாதியாகத் தெரிகிறது. 2013 சட்டத்தின் 4-ஆம் பிரிவு, கர்ப்பிணிப் பெண்களுக்குக் குறைந்தது 6,000 ரூபாய் என்கிறது. 2017-ல் வந்த ஒன்றிய அரசுத் திட்டம் முதல் குழந்தைக்கு மட்டும் 5,000 என்று சுருக்கியது. 2022-ல் இரண்டாவது பெண் குழந்தைக்கு 6,000 சேர்ந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் 18,000 ரூபாய்க்கான உதவி இருப்பதால் தமிழ்நாட்டில் இந்தச் சுருக்கம் உறைப்பதில்லை. சட்டம் சொன்னதைக் கொடுங்கள் என்று அவர் எழுதிக்கொண்டே இருக்கிறார்.

முதியோர் ஓய்வூதியமும் அப்படித்தான். தமிழ்நாட்டில் அது இன்று மாதம் 1,200 ரூபாய். ஒன்றிய அரசின் திட்டத்தில் வரும் 60 முதல் 79 வயது வரையிலான முதியவருக்கு அதில் டெல்லியின் பங்கு 200 ரூபாய், மீதி மாநிலத்தின் கையிலிருந்து. அந்த 200 ரூபாய் 2006-ல் நிர்ணயித்தது. 2017 டிசம்பரில் திரேஸ் உட்பட சுமார் 60 பொருளாதார அறிஞர்கள் அன்றைய நிதியமைச்சர் அருண் ஜேட்லிக்கு இதுபற்றிக் கடிதம் எழுதினார்கள். அடுத்த ஆண்டும் எழுதினார்கள், பின்பு நிர்மலா சீதாராமனுக்கும் எழுதினார்கள். அவர்கள் உடனடியாகக் கேட்ட தொகை 500 ரூபாய்.